முந்திக்கொண்ட திரை

இருமல் ஓய்ந்த பிறகுதான் அம்மா இருமினாள்.

ஆர்டிஸ் ஹௌகன் அப்போது கீழே சாப்பாட்டு அறையில் அமர்ந்து, தேவாலயத்தின் ஞாயிறு வழிபாட்டுக்கான நிகழ்ச்சித் தாளைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, மாடித் தரையின் பலகைகளுக்கு அப்பாலிருந்து, அம்மாவின் இருமல் காய்ந்த விறகு முறிவதைப்போல எழுந்து, இழுத்து, அடங்கியது. திரையின் மூலையில், மாடியறைக் கேமரா காட்டும் சிறிய கட்டத்துக்குள், அம்மா மல்லாந்து அசையாமல் கிடந்தாள். வீட்டில் மௌனம் முழுவதுமாகப் படிந்து, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் காதில் விழத் தொடங்கிய பின்னர், அந்தக் கட்டத்துக்குள் அவள் தோள்கள் குலுங்கின, வாய் பிளந்தது. ஓசையின்றி இருமினாள். ஒலியை அடைத்து வைத்திருந்தவள் ஆர்டிஸ்தான். கேமராவைப் பார்த்து ஏசுவது அம்மாவின் வழக்கம்.

கணினி பழையது. மேசைக்கடியில் நின்ற அதன் கறுப்புப் பெட்டி சூடேறினால் தூசி கருகும் வாடை வரும். உள்ளிருக்கும் விசிறி மூச்சிரைத்து, நின்று, மறுபடியும் இரைக்கும். படம் பிந்தி வருவதை அவள் சில வாரங்களாகவே அறிவாள். ஆனால் இந்த அளவுக்கு அது பிந்தியதில்லை.

அரிசோனாவிலிருந்த தம்பி டுவேனிடம் தொலைபேசியில் சொன்னாள். இரண்டு கோடைகளுக்கு முன்னர் வந்து, அம்மாவின் அறையில் அலமாரிக்கு மேலே அந்தக் கேமராவைப் பொருத்திவிட்டு, தன் கடமை முடிந்ததென்று வெயிலுக்குத் திரும்பியவன் அவன்.

"அது செத்துட்டு இருக்கு, ஆர்டிஸ். புதுசா ஆல்-இன்-ஒன் ஒண்ணு வாங்கு. திரைக்குள்ளயே எல்லாம் இருக்கும். கீழ பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது."

"இதுவும் ஓடிட்டுத்தான இருக்கு."

"அப்பாவோட டிராக்டரப் பத்தியும் இதையேதான் சொன்ன."

"யோசிக்கணும்."

"யோசி, யோசி. லேலண்டுகிட்டயும் இதத்தான சொன்ன."

லேலண்ட் ஒரு குளிர்காலம் முழுவதும் அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்து, பனி உருகியதும் வேறொருத்தியை மணந்துகொண்டவன். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் குடும்பத்தில் அந்த வேடிக்கை பழையதாகவில்லை.

"பிடிக்கலனா திருப்பிக் குடுத்துடு. டப்பாவ மட்டும் தூக்கிப் போட்டுடாத," என்றான் டுவேன்.

அன்று மாலை பாத்திரம் துலக்கியபடியே அவள் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள். புதியதற்கு இடம் குறைவு, இரைச்சல் இல்லை, ஆனால் பழக வேண்டும். பழையது மெதுவாக இருக்கிறது. இரைகிறது. சூடேறினால் நாறுகிறது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறது. சாவதாகவும் இல்லை.

அவள் குழாயை மூடினாள். கடைசியாக எண்ணிய சொற்கள் கணினியைப் பற்றியவை அல்ல என்பது அவளுக்கு உறைத்தது. கைகளைத் துடைத்துத் துண்டை நேராக மடித்து அடுப்புக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். அதன் பின்னரே உணவுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

மாடியறையில் மார்புத் தைலமும், கம்பளியும், எவ்வளவு துவைத்தாலும் போகாத இன்னொரு வாடையும் கலந்து நின்றன. அம்மா ஹில்மா தலையணைகளின் மேல் சாய்ந்து, மகள் வருவதை வாசலிலிருந்து கட்டில்வரை அளந்தாள்.

"புதுசு வாங்கப் போறியாமே."

"யாரும்மா சொன்னா?"

"டுவேன்தான். உன்கிட்ட பேசி முடிச்சதும் எனக்குப் போன் பண்ணிட்டான். பழசுக்கு என்ன கேடு?"

"மெதுவா இருக்கும்மா."

"நானுந்தான் மெதுவா இருக்கேன். என்னைய எந்தக் கடையில மாத்தப் போற?" அம்மா சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் மீண்டும் சிரிப்பாகியது. "மாத்த மாட்ட. கடை வாசல்லயே நின்னு யோசிச்சிட்டு இருப்ப. அதுக்கெல்லாம் ஒரு இது வேணும், ஆர்டிஸ். உனக்கு அது கிடையாது."

மறுநாளே அவள் டுலூத் நகரத்துக்குக் காரோட்டிச் சென்று, புதிய கணினியை வாங்கி வந்தாள்.

அந்த நாட்டில் ஒரு பொருளை வாங்கியவுடனே அது சொந்தமாகிவிடுவதில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அது வெறும் விருந்தாளி. ஆர்டிஸ் அந்த ஒழுங்கைச் சிறிதும் வழுவாமல் கடைப்பிடிப்பவள். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை அவள் உரிக்கவில்லை. மின்கம்பியைச் சுருட்டிக் கட்டியிருந்த முறுக்கு இழைகளைக்கூட ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். அட்டைப்பெட்டி, அதற்குள் வெள்ளைத் தெர்மோகோல், எல்லாம் சுவரோரம் காத்திருந்தன. பழையதை அணைக்காமல், புதியதை அதன் பக்கத்திலேயே நிறுத்தி, மாடியறைக் கேமராவை இரண்டிலும் இணைத்தாள். எது மேல் என்று பார்த்துத் தீர்மானிக்கலாம்.

புதிய திரை அகலமானது. கறுப்பு ஏரியைப்போல ஆழமானது. அதிலிருந்து வாடை வரவில்லை, ஓசை வரவில்லை. அதற்குள் அம்மாவின் கன்னத்து நரம்புகூடத் தெரிந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, இருமினாள்.

அதற்குப் பிறகுதான் மாடியிலிருந்து இருமல் கேட்டது.

காதுதான் பிசகுகிறது என்று ஆர்டிஸ் எண்ணினாள். அறுபத்தைந்தைக் கடந்த காது. ஆனாலும் அன்று டுவேன் வீடியோவில் கூப்பிட்டபோது, தொலைபேசியை இரண்டு திரைகளுக்கும் எதிரே சாய்த்து நிறுத்தினாள். படங்களைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு அவனிடம் சொல்லிவிட்டு, படிக்கட்டின் கதவைத் திறந்து வைத்து மேலே போனாள். அம்மாவின் கால்மாட்டில் நின்று கேமராவை நோக்கிக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"தெரியுதா?" என்று கீழே குரல் கொடுத்தாள்.

டுவேனின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. "பழசுல நீ இன்னும் ரூமுக்குள்ளயே வரல."

"புதுசுல?"

"அதுல கைய ஆட்டி முடிச்சு, அம்மாவோட தலகாணியச் சரி பண்ணிட்டு, வெளியவே போயிட்டியே. இப்ப எங்க நிக்கிற, படியிலயா?"

ஆர்டிஸின் கை இன்னமும் காற்றில்தான் இருந்தது.

"நான் கட்டில்கிட்டயே நிக்கிறேன், டுவேன்."

 கீழே டுவேன் சிரித்தான். "அப்ப நல்ல சரக்குதான். உனக்கு முன்னாடி அது முடிவெடுத்துடுது."

"ரெண்டு பேரும் கத்துறத நிறுத்துங்க," என்றாள் அம்மா. "வந்ததுதான் வந்த, இந்தத் தலகாணியச் சரி பண்ணிட்டுப் போ."

அவள் சரி பண்ணினாள். பண்ணிய பிறகுதான் பண்ணியதை உணர்ந்தாள். அறையை விட்டு வெளியேறும்போது கழுத்தின் பின்புறத்தில் கேமராவின் சிவப்புப் பொட்டு ஊசியைப்போலக் குத்திக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் பழையது மேலும் பிந்தியது; புதியது மேலும் முந்தியது. ஒரு திரையில் அம்மா காலைக் கஞ்சியை விழுங்கிக்கொண்டிருப்பாள். மற்றதில் மதியத் தூக்கத்தில் வாயைத் திறந்து கிடப்பாள். இரண்டுக்கும் நடுவில், தலைக்கு மேலே, உண்மையான அம்மா கரண்டியால் கட்டிற்கம்பியைத் தட்டிக் கூப்பிடுவாள். ஆர்டிஸ் வழிபாட்டுத் தாளை அடிப்பதை விட்டுவிட்டாள். காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பது அந்தப் புதிய திரையைத்தான்.

வியாழனன்று அதில் சூப்புக் கிண்ணம் கவிழ்ந்தது. காட்டரிசியும் பாலாடையும் ஒட்டுத்துணிப் போர்வையில் பரவி, ஆவி பறந்து, அம்மாவின் வாய் கோணுவதைப் பார்த்தாள். பாய்ந்து மாடியேறினாள். கிண்ணம் அம்மாவின் மடித்தட்டில் அசையாமல் இருந்தது. அதை எட்டி எடுக்கப்போனாள்.

"சாப்பிடுறதயும் புடுங்குவியா?" என்று அம்மா கிண்ணத்தை இறுகப் பிடித்தாள். ஆர்டிஸ் இழுத்தாள். அம்மாவும் இழுத்தாள். கிண்ணம் கவிழ்ந்தது.

வெந்த தொடையில் களிம்பு தடவும்போது அம்மா அலறவில்லை. மகளின் முகத்தையே பார்த்தபடி, தாழ்ந்த குரலில், ஏறத்தாழ மகிழ்ச்சியோடு சொன்னாள்: "பரவாயில்லையே. இப்பத்தான் ஒண்ணு முடிவு பண்ணிருக்க."

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு எதிரேயிருந்த ஏரியின் மேலிருந்து பனி வந்தது. நண்பகலில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆர்டிஸ் காபியை ஊற்றிக்கொண்டு புதிய திரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

திரைக்குள் ஏற்கெனவே இருட்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும் தானாகவே எரியும்படி அமைத்திருந்த விளக்கு அம்மாவின் தலைமாட்டில் எரிந்தது. கட்டிலின் பக்கத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவளுடைய இரு கைகளும் நேராக நீண்டு, ஒரு தலையணையின் மேல் ஊன்றியிருந்தன. போர்வைக்கடியில் அம்மாவின் கால்கள் நீந்துவதைப்போல அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. மெல்ல அசைந்தன.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. கால்கள் அடங்கிய பின்னும் பொறுத்திருந்தாள். பிறகு தலையணையைத் தட்டிப் புடைக்கச் செய்து, போர்வையின் ஓரத்தை மெத்தைக்கடியில் கோணம் பிசகாமல் செருகினாள். அப்படிச் செருகுபவள் அந்த ஊரில் ஒருத்திதான் உண்டு. நிமிர்ந்து, அலமாரியின் பக்கம் திரும்பி, கேமராவைப் பார்த்து, கையை உயர்த்தி ஆட்டினாள்.

ஆர்டிஸ் தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.

டுவேனைக் கூப்பிட்டாள்.  "அதுல என்னமோ தப்பாத் தெரியுது," என்று மட்டும் சொன்னாள்.

"அப்பத் திருப்பிக் குடு. இன்னும் கெடு இருக்குல்ல?"

"ரோடு மூடிட்டாங்க."

"நாளைக்குத் திறந்ததும் குடு. ஆர்டிஸ், இது ஒரு கம்ப்யூட்டர். கல்யாணம் இல்ல."

வாசலில் பனி வாரும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. அடுத்த வீட்டு வெண்டல், கேட்காமலேயே அவளுடைய வழியையும் சேர்த்து வாரிக்கொண்டிருந்தான். அவனை உள்ளே கூப்பிடலாம். கூப்பிட்டு, 'இன்று இரவு என்னோடு இரு, என்னை மாடியேற விடாதே' என்று சொல்லலாம். கதவைத் திறந்தாள். குளிர் பல்லில் பட்டது.

வெண்டல் தலையை உயர்த்திக் கையை ஆட்டினான். அந்த ஏரிக்கரையில், எதிரே வரும் காருக்கும், எதிர்வீட்டு ஜன்னலுக்கும், பெயர் தெரியாத படகுக்கும் கையாட்டுவார்கள். ஆட்டிய கைக்குப் பதில் கை ஆட்டாதவளை மனுஷியாகவே கருதமாட்டார்கள். அவளுடைய கை தானாக எழுந்து ஆட்டியது.

"எல்லாம் நல்லா இருக்கீங்களா, ஆர்டிஸ்? அம்மா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்காங்க," என்றாள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

"இதுல என்ன சிரமம். ஏதாவது வேணும்னா சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம். போங்க, போங்க, குளிருது."

ஒருவரைத் தொந்தரவு செய்வதைக் காட்டிலும் பெரிய குற்றம் அவர்களிடையே இல்லை. கதவை மூடினாள்.

புதிய கணினியை அணைத்தாள். மின்கம்பியைச் சுருட்டி, பழைய முறுக்கு இழையையே தேடியெடுத்துச் சுற்றினாள். தெர்மோகோலுக்குள் அதைப் படுக்கவைத்தாள். கம்பளிச் சட்டையைக் கழற்றி அதன்மேலேயே மடித்து வைத்து, அட்டைப்பெட்டியை மூடி, அகல நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டினாள். படிக்கட்டின் கதவைச் சாத்தி, மேசையின் தலைமாட்டு நாற்காலியை இழுத்து வந்து கைப்பிடிக்கடியில் முட்டுக் கொடுத்தாள். விடியும்வரை மேலே போவதில்லை. ஒரு தடவைகூடப் போவதில்லை. அம்மாவை ஆர்டிஸிடமிருந்து காப்பாற்ற அந்த ஒரு கதவு போதும்.

காபியைப் புதிதாகச் சுடச்சுட ஊற்றிக்கொண்டு, பழைய திரையின் முன்னால் அமர்ந்தாள்.

பழையது பிந்துகிறது என்றாலும் பொய் சொல்வதில்லை. அதற்குள் வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். மார்பு ஏறியது, இறங்கியது. மேசைக்கடியில் விசிறி இரைந்தது. தூசி கருகும் வாடையில் ஆர்டிஸின் தோள்கள் முதல்முறையாகத் தளர்ந்தன. நல்ல பழைய பெட்டி. இதையே வைத்துக்கொள்ளலாம்.

வெளியே இருட்டத் தொடங்கியது. மேலே கரண்டி தட்டியது.

"ஆர்டிஸ்."

அவள் அசையவில்லை.

"ஆர்டிஸ். தண்ணி."

கரண்டி. மறுபடியும் கரண்டி. காலையிலிருந்து அம்மா எதுவும் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தொடையில் களிம்பு மாற்ற வேண்டும் என்பதும்.

"தொண்ட காயுதுடீ. கீழதான இருக்க? மூச்சு விடுறது எனக்குக் கேக்குது." தட்டல் நின்று, குரல் இளகியது. அந்தக் குரலை ஆர்டிஸ் சிறுமியாக இருந்த நாட்களுக்குப் பிறகு கேட்டதில்லை. "பயமா இருக்கு, ஆர்டிஸ். ஒரு தடவ வந்துட்டுப் போ. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆர்டிஸ் காதுகளைப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். உள்ளங்கைகளுக்குள் தன் இரத்தம் ஏரியைப்போல இரைவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கைகளை எடுத்தபோது வீடு அமைதியாக இருந்தது.

கரண்டி இல்லை. குரல் இல்லை. இருமலும் இல்லை.

தூங்கிவிட்டாள் என்று எண்ணினாள். திரையில் இப்போதுதான் அம்மாவின் தலைமாட்டு விளக்கு எரியத் தொடங்கியது. அம்மா விழித்துக்கொண்டாள். கரண்டியை எடுத்தாள். ஓசையின்றித் தட்டினாள். ஓசையின்றி வாய் அசைந்தது. *தண்ணி.* ஆர்டிஸுக்கு அது ஆறுதலாக இருந்தது. உயிரோடு இருக்கிறாள். கூப்பிடுகிறாள். யாரும் போகவில்லை.

காபியை எடுத்து வாயில் வைத்தாள்.

ஜில்லென்றிருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

திரையில் அம்மா கூப்பிடுவதை நிறுத்தினாள். வாசல் பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

கதவு திறந்தது.

சாம்பல் நிறக் கம்பளி.

ஆர்டிஸ் படிக்கட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. கைப்பிடிக்கடியில் நாற்காலி இல்லை. அது மேசையின் தலைமாட்டில், தன் இடத்தில், கோணம் பிசகாமல் இருந்தது. சுவரோரம் அட்டைப்பெட்டி. ஒட்டிய நாடாவில் ஒரு சுருக்கம் இல்லை.

மணிக்கட்டில் ஏதோ உறுத்தியது. கம்பளி. முழங்கைவரை கம்பளி. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தூவி, தலையணைக்குள்ளிருந்து பிதுங்கி வரும் வகை. விரல்களில் தைல வாடை.

திரையில் கால்கள் நீந்தின.

அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெகுநேரம். மெல்ல. பிறகு இல்லை.

தலையணையைத் தட்டினாள் திரையிலிருந்தவள். போர்வையைச் செருகினாள். நிமிர்ந்தாள். திரும்பினாள். முகத்தில் நாற்பது ஆண்டுகளாக இல்லாத ஒரு தெளிவு.

கையை உயர்த்தி ஆட்டினாள்.

படம் நிற்கவில்லை. அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பொறுமையாக. வாசலுக்கு வந்தவள் பதிலுக்காகக் காத்திருப்பதைப்போல.

மேசைக்கடியில் விசிறி நின்றது.

சாப்பாட்டு அறையின் இருட்டில், திரை வெளிச்சத்தில், ஆர்டிஸின் கை மெல்ல எழுந்து ஆட்டத் தொடங்கியது.